துவரைக்கு மூன்று மடங்கு விலை, வயலிலோ நெல்: வேளாண் கொள்கை நிலத்தை எப்படி மாற்றுகிறது?

ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில், மழைக்காலத்தில் விதைக்கும் காரீஃப் பருவப் பயிர்களுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையை மத்திய அரசு அறிவிக்கிறது. அன்று மாலையே தொலைக்காட்சியில் சண்டை தொடங்கிவிடும். விவசாயிக்கு வாரிக் கொடுக்கிறார்கள் என்பார் ஒருவர், உழவுக் கூலிக்கே போதாது என்பார் இன்னொருவர். இந்த விலை நம் நிலத்தை என்ன செய்கிறது, நாளை நம் தட்டில் எது விழும் என்பதை அது எப்படி முடிவு செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன். வேளாண்மையோ பொருளாதாரமோ படிக்காதவர்களுக்கும் புரியும்படியே சொல்லப் பார்க்கிறேன்.

2025-26 பருவத்துக்கு அறிவித்த விலைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாதாரண ரக நெல், குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 2,369 ரூபாய். துவரை, குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். அப்படியானால் கிணறும் பம்பு செட்டும் உள்ளவர்கள் எல்லாரும் துவரைக்கு ஓடியிருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. தண்ணீர் வசதி உள்ள நிலத்தில் நெல் நிற்கிறது. துவரையோ மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கப்பலேறி வருகிறது.

நம் விவசாயிக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அவர் போடும் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வரன் பார்ப்பது போல

ஒரு வீட்டில் பெண்ணுக்கு இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. ஒருவர் அரசுப் பணியில் இருக்கிறார். சம்பளம் நடுத்தரம்தான், ஆனால் மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். மற்றவர் சொந்தமாக வியாபாரம் செய்கிறார். நல்ல ஆண்டில் பல மடங்கு சம்பாதிப்பார், கெட்ட ஆண்டில் கடன்காரர் வாசலில் நிற்பார். பெண்ணின் தகப்பனார் கையில் சேமிப்பு அதிகம் இல்லை, ஒரு சறுக்கல் வந்தால் தாங்காத குடும்பம் என்றால், அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? வருமானத்தின் உச்சத்தை விட அதன் நிச்சயம்தான் அவருக்குப் பெரிது.

நெல்லும் கோதுமையும் அரசுப் பணி மாப்பிள்ளைகள். துவரை, உளுந்து, நிலக்கடலை, எள் எல்லாம் வியாபாரம் செய்பவர்கள். நெல்லுக்கு அந்த நிச்சயம் தானாக வந்ததில்லை. கொள்கை தந்தது அது.

ஆதரவு விலை வேறு, கொள்முதல் வேறு

குறைந்தபட்ச ஆதரவு விலை என்பது, இதற்குக் கீழே சந்தை விலை விழுந்தால் நாங்கள் இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று அரசு விதைப்புக்கு முன்பே தரும் வாக்கு. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்க, மத்திய அமைச்சரவை முடிவு செய்கிறது. 22 பயிர்களுக்கு இப்படி விலை அறிவிக்கப்படுகிறது.

கொள்முதல் என்பது அந்த வாக்கை நிறைவேற்றுவது. ஆள் வைத்து, எடை போட்டு, மூட்டை கட்டி, பணம் கொடுத்து உண்மையிலேயே வாங்குவது.

குழப்பம் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது. விலை 22 பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. ஆண்டு தவறாமல், பெரிய அளவில் அரசு வாங்குவதோ பெரும்பாலும் நெல்லையும் கோதுமையையும்தான். அதுவும் சில மாநிலங்களில். ஆதரவு விலைக்குக் கீழே வாங்கும் வியாபாரியைத் தண்டிக்கும் பொதுவான மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. கரும்புக்கு மட்டும், ஆலைகள் கொடுத்தே ஆக வேண்டிய விலை சட்ட ஆணையின்படி உண்டு. அரசுக் கொள்முதல் முகமைகளிடம் ஆதரவு விலைக்கு விற்பவர்கள் நாட்டின் விவசாயிகளில் சுமார் 6 சதவீதம்தான் என்று, மத்திய அரசு அமைத்து 2015இல் அறிக்கை தந்த சாந்த குமார் குழு சொன்னது.

மூன்று புதிய வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் நடந்த போராட்டத்தில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் ஏன் முன்னால் நின்றார்கள் என்பதும் இங்கே விளங்கும். ஆதரவு விலை தாளில் இல்லாமல் கையில் கிடைக்கும் மாநிலங்கள் அவை. இழப்பதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது.

ஆக, அறிவித்த விலை ஒரு வாக்குறுதி, கொள்முதல்தான் பணம். நிலம் பணத்தின் பின்னால் போகிறது.

இந்த ஏற்பாடு எதற்காக வந்தது

1960களின் நடுவில் இந்தியா அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமையை நம்பியிருந்தது. 1965-66இல் மழை பொய்த்தது. 1966இல் இறக்குமதியான தானியம் சுமார் ஒரு கோடி டன். கப்பல் தாமதமானால் நாட்டின் பல பகுதிகளில் ரேஷன் தடுமாறும் நிலை. வாஷிங்டனில் அதிபருக்கு நம்மீது மனத்தாங்கல் வந்தாலும் அதே நிலைதான்.

அப்போது உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் நம்மவரான சி. சுப்பிரமணியம். அதிக விளைச்சல் தரும் குட்டை ரக விதை, உரம், பாசனம் ஆகியவற்றோடு விலை உத்தரவாதமும் சேர்ந்தால்தான் விவசாயி துணிந்து முதலீடு போடுவார் என்பது அவர் பக்கத்து வாதம். விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் பிறந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. டெல்டாவின் நெல்லை நம்பியே நாட்டின் தானியக் கிடங்கு தொடங்கியது என்பது நம்மூர்க்காரர்கள் பலருக்கே தெரியாத செய்தி.

அந்தத் திட்டம் வென்றது. அதை மறந்துவிட்டு இன்றைய குறைகளைப் பேசுவது நியாயமாகாது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு மாதாமாதம் கூடுதல் தானியத்தை இலவசமாகக் கொடுக்க முடிந்தது, கிடங்குகள் நிறைந்திருந்ததால்தான்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு பார்வை

தமிழ்நாட்டில் உணவுக் கழகத்துக்காக நெல் வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அது நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை டெல்டாவில் எந்த ஊர் வழியாகப் போனாலும் பார்க்கலாம்.

குறுவை அறுவடை முடியும் செப்டம்பர், அக்டோபரில் போய்ப் பாருங்கள். களத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் தார்ப்பாய் சுருட்டி வைத்திருக்கும். வானம் கறுத்தால் விரிக்க வேண்டும், வெயில் அடித்தால் திறந்து கிளறிவிட வேண்டும். முறை வந்ததும் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதக் கருவியில் போடுவார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்துத் தைத்துவிடுவார்கள். 19, 20 என்று காட்டினால் மறுபடி காயவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் எங்கே காயவைப்பது? ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவதும், மத்தியக் குழு வந்து பார்ப்பதும் பல ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம்.

இத்தனை சிரமத்துக்குப் பிறகும் விவசாயி ஏன் அங்கேயே காத்துக் கிடக்கிறார்? எடை ஏறிவிட்டால் விலையில் பேரம் கிடையாது. மத்திய அரசின் விலையோடு மாநிலத்தின் ஊக்கத்தொகையும் சேர்ந்து பணம் வங்கிக் கணக்குக்கு வரும். 2025-26இல் அப்படிச் சேர்த்து சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய்.

அதே விவசாயியிடம் நாலு மூட்டை உளுந்து இருந்தால் கதை வேறு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிப் போகலாம், அல்லது வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிடலாம். ஆதரவு விலையில் உளுந்து வாங்கும் திட்டமும் இருக்கிறது. ஆனால் அதற்கு இத்தனை டன் என்ற இலக்கும் தேதியும் உண்டு. ஊருக்கு ஊர் நெல் நிலையம் இருப்பது போல அதற்கு இல்லை.

ஏக்கர் கணக்கு

இப்போது துவரைக்கு வருவோம். நாட்டின் சராசரியில் துவரை ஏக்கருக்கு மூன்றரைக் குவிண்டால் அளவில் விளைகிறது. 8,000 ரூபாய் முழுதாகக் கிடைத்தாலும் சுமார் 28,000 ரூபாய். பஞ்சாபில் நெல் ஏக்கருக்கு 26 குவிண்டால் தாராளமாக வரும். 2,369 ரூபாயில் அது 61,000ஐத் தாண்டும். செலவு நெல்லுக்குத்தான் அதிகம், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் செலவின் பெரிய பங்கு விவசாயியின் பையிலிருந்து போவதில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1990 முதலும், பஞ்சாபில் 1997 முதலும் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எத்தனை மணி நேரம் தண்ணீர் இறைத்தாலும் கட்டணம் இல்லை. நீர் அதிகம் குடிக்கும் பயிருக்கு இதனால் கிடைக்கும் உதவி மிகப் பெரியது. மழையை மட்டும் நம்பி விளையும் மானாவாரித் துவரைக்கோ மோட்டாரே தேவையில்லை, ஆகவே உதவியும் இல்லை.

உரமும் அப்படித்தான். 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மீதிச் செலவை மானியமாக, அதாவது விவசாயிக்குப் பதில் அரசே கட்டும் பங்காக, மத்திய அரசு ஏற்கிறது. பயறு வகைகள் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே பிடித்துக்கொள்பவை. அவற்றுக்கு யூரியா அதிகம் வேண்டாம். மண்ணுக்கு நல்லது செய்யும் அந்தக் குணத்தாலேயே அவற்றுக்கு மானியத்தில் பங்கு குறைந்துபோகிறது!

எனவே நெல் போடுபவருக்கு மூன்று பக்கத்திலிருந்தும் துணை கிடைக்கிறது: கொள்முதல், மின்சாரம், யூரியா. துவரை போடுபவருக்கு மூன்றுமே அரைகுறை. குவிண்டால் விலையை மட்டும் உயர்த்தி அறிவித்தால் இந்தத் தராசு சாயாது.

பஞ்சாபின் நிலம் சொல்வது

பஞ்சாபில் அரிசி அன்றாட உணவு அல்ல. அவர்கள் ரொட்டி சாப்பிடுகிறவர்கள். 1960-61இல் அங்கே நெல் சாகுபடி 2.27 லட்சம் ஹெக்டேர்தான். இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். மக்காச்சோளம், பருத்தி, கொண்டைக்கடலை, நிலக்கடலை விளைந்த பூமியெல்லாம் நெல்லாக மாறியது. மண் அதற்குப் பொருத்தமானது என்பதாலோ, மழை அதிகம் என்பதாலோ இது நடக்கவில்லை. விளைந்த நெல்லை ஏறக்குறைய முழுதாக அரசு வாங்கிக்கொண்டது, தண்ணீர் இறைக்கக் காசில்லை.

விலை கொடுத்தது நிலத்தடி நீர். மழையால் ஆண்டுதோறும் ஊறும் அளவை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் அங்கே உறிஞ்சுகிறார்கள். இதைத் தடுக்க 2009இல் ஒரு சட்டம் வந்தது. கோடை வெயிலில் நட்டால் தண்ணீர் ஆவியாகிறது, எனவே ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது அது. நோக்கம் சரிதான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் இருப்பதோ இரண்டு, மூன்று வாரம். அதற்குள் வயலில் நிற்கும் நெல் தாளை அகற்ற மலிவான வழி தீ வைப்பது. டெல்லியை மூடும் நவம்பர்ப் புகையில் இந்தத் தேதிக் கணக்குக்கும் பங்கு இருக்கிறது. எங்கோ ஒரு கொள்கையைத் திருகினால் வேறெங்கோ காற்று கெடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உணவுப் பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறோம்

கிடங்கு நிறைந்திருந்தால் நாட்டுக்கு உணவுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்பது பரவலான எண்ணம். 1996இல் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாடு தந்த பொருள் இதைவிட விரிந்தது. எல்லாருக்கும், எல்லாக் காலத்திலும், உடல் நலத்தோடு வாழப் போதுமான சத்துள்ள உணவு கைக்கு எட்டுவதே உணவுப் பாதுகாப்பு. உணவு இருக்க வேண்டும், வாங்க முடிய வேண்டும், சத்து இருக்க வேண்டும், அது நிலையாக நீடிக்க வேண்டும்.

முதல் இரண்டில் நாம் நெடுந்தூரம் வந்துவிட்டோம். 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சுமார் 80 கோடிப் பேருக்கு ரேஷன் தானியம் கிடைக்கிறது, 2023 ஜனவரி முதல் இலவசமாகவே. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்தே அரிசி அட்டைக்கு அரிசி இலவசம்.

சத்து என்ற இடத்தில்தான் சறுக்கல். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தானிய மலைக்குப் பக்கத்திலேயே இந்த எண்களும் நிற்கின்றன. அரிசி, கோதுமை மட்டும் இதற்கு மருந்தாகாது. பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், முட்டை வேண்டும்.

பருப்பிலும் எண்ணெயிலும் நடந்தது

2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து அடுத்த ஆண்டு விவசாயிகள் துவரையில் இறங்கினார்கள். மழையும் கைகொடுத்தது. நாட்டின் மொத்தப் பயறு உற்பத்தி 2015-16இல் 163 லட்சம் டன்னாக இருந்தது, 2016-17இல் 230 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் வெளிநாட்டுப் பருப்பும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பயறு ஏற்றுமதிக்கு 2006 முதல் இருந்த தடை 2017இன் பிற்பகுதி வரை விலகவில்லை. 2017இல் துவரை விலை ஆதரவு விலைக்குக் கீழே விழுந்தது. விளைவித்தவர்கள் விளைவித்ததற்காகவே நஷ்டப்பட்டார்கள். அடுத்த முறை அவர்களைத் துவரைக்கு அழைப்பது எளிதா?

சமையல் எண்ணெயில் பாடம் இன்னும் கசப்பானது. 1986இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தால் 90களின் தொடக்கத்தில் நாம் கிட்டத்தட்டத் தன்னிறைவை எட்டினோம். 1994க்குப் பிறகு இறக்குமதி தளர்த்தப்பட்டது, வரியும் படிப்படியாகக் குறைந்தது, மலிவான பாமாயில் குவிந்தது. கடலையும் எள்ளும் போட்டவர்கள் அந்த விலையோடு மோத முடியவில்லை. இன்று தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2007 முதல் நம் ரேஷன் கடையில் சிறப்புத் திட்டத்தில் கிடைக்கும் பாமாயிலுக்கான நிலம் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரங்களுக்கு மேல் நிறுத்தியபோது, 1966இன் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்ததன் சிறிய பதிப்பை நாடு பார்த்தது.

அரசு உறுதியாக வாங்கும் பயிரில் நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அரசு விலையை மட்டும் அறிவித்துவிட்டு இறக்குமதிக் கதவையும் திறந்து மூடி விளையாடும் பயிரில் இல்லை.

டெல்டாவின் தை மாதம்

காவிரிப் படுகையில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. சம்பா, தாளடி நெற்பருவங்களின் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், ஈரம் காயாத வயலில் நிற்கும் நெற்பயிருக்கு நடுவே உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுவார்கள். உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளரும். நெல் அறுத்தபின் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். இரண்டரை மாதத்தில் கையில் கொஞ்சம் காசு, மண்ணில் கொஞ்சம் தழைச்சத்து.

ஆள் கிடைக்காமல் அறுவடை இயந்திரம் வந்தபோது அதன் சக்கரத்தில் இளம் முளைகள் நசுங்கின. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உள்ள இடங்களில் பலர் உளுந்தை விட்டுவிட்டுக் கோடை நெல்லுக்கோ பருத்திக்கோ போனார்கள். கோடை நெல்லுக்கு மின்சாரம் இலவசம், விற்க நிலையம் இருக்கிறது. உளுந்துக்கு இரண்டுமே உறுதியில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2020இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. நிலத்தடியிலிருந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் போன்ற புதுத் திட்டங்கள் வயலைத் தின்னாமல் இருக்க அது வேலி. வேலிக்குள்ளே என்ன விளைய வேண்டும் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அதைக் கொள்முதல்தான் சொல்கிறது.

வாங்கும் முனையை மாற்றினால்

மாற்ற முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஹரியானா 2020இல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. உதவிதான், ஆனால் மாற்றுப் பயிரை யார் வாங்குவார் என்ற கேள்விக்கு அது மட்டும் விடையாகாது. ஒடிசா வேறு வழியில் போனது. 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் பழங்குடி மாவட்டங்களின் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி, ரேஷனிலும் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டாகவும் கொடுத்தது. உண்பவரும் விளைவிப்பவரும் அதே மாவட்டத்துக்காரர்கள்.

தமிழ்நாட்டிலும் 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் நேரடியாக வாங்கினார்கள். மானாவாரியில் விளையும், களியாகவும் கூழாகவும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டுப் பழகிய, சுண்ணாம்புச் சத்து மிகுந்த தானியம் அது. 2025-26இல் அதன் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், நெல்லைப் போல இரண்டு மடங்கு. இந்த விலைக்கு வாங்கும் நிலையம் நடந்து போகும் தூரத்தில், ஆண்டு தவறாமல், இலக்கு முடிந்தது என்று மூடாமல் இருக்குமானால் தருமபுரி விவசாயி எதை விதைப்பார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.